நிரலை அகட்டுதல்

ஜனவரி பதினைந்து. மிசிசாகா. வெளியே மைனஸ் பத்தொன்பது.
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சம்பளத்தைச்
சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.
லொறி ஓட்டுநர்கள், கணக்காளர்கள்,
இரவில் பெட்டி அடுக்கும் பெடியள்,
எல்லாரும் ஒரே அகலத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள்.
கடைசி வரியில் மட்டும்
எண்ணுக்குப் பதிலாக ஒரு வேலி:
########
இந்தத் தொகைக்கு இந்த இடம் போதாது
என்பதைக் கணினி இப்படித்தான் சொல்லும்.

சுட்டியால் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.
நிரல் அகன்றது.
மற்ற நானூற்றுப் பதினொரு பேருக்கும்
இடது பக்கத்தில் வெள்ளை கூடியது.

அடுத்த நிரல், ஓய்வூதியப் பிடித்தம்.
ஆண்டொன்றுக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கக் கூடாதென்று
ஒட்டாவாவில் உச்சவரம்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.
அவருக்கு அது இன்றைக்கே நிரம்பிவிடுகிறது.
இனி டிசம்பர் வரை பூச்சியம்.
எனக்கு டிசம்பர் வரை பிடிப்பேன்,
என் கையாலேயே.
ஆக, உச்சவரம்பு என்ற சொல்
அரசாங்கத்துக்குத் தெரிந்த சொல்தான்.
கொடுப்பதற்கு எழுதியாயிற்று.
எடுப்பதற்கு இன்னும் பேனா திறக்கவில்லை.

போன பெப்ரவரி
எங்கள் போர்க்லிஃப்ட் யோகதாசன்
சிம்கோ ஏரியின் பனிக்கட்டியில் ஓட்டை போட்டுக்
குந்தியிருந்தான்.
பேர்ச் மீன். தூண்டில் இறங்க முதல் கவ்விய நாள்.
அதிகாரி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்குமாம்.
வாளியைப் பனியில் கவிழ்த்து,
கையுறையைக் கழற்றி,
ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
ஐம்பத்தேழு.
ஆளுக்கு ஐம்பது, என்றாள்.
"என்ர ஓட்டை, என்ர தூண்டில்,
விடிய மூண்டு மணிக்கு எழும்பி வந்தனான்."
அவள் ஒன்றையும் மறுக்கவில்லை.
கெட்டிக்காரன் என்றுகூடச் சொன்னாளாம்,
அபராதச் சீட்டை எழுதிக்கொண்டே.

அந்தச் சட்டம் சரியென்றுதான் இன்றைக்கும் சொல்கிறான்.
எண்ணாமல் விட்டது தன் பிழையாம்.
"எல்லாரும் அள்ளினா ஏரியில என்ன கிடக்கும்?"
மேலே இருப்பவரின் சம்பளத்துக்கும்
இப்படி ஒரு எண்ணிக்கை வைத்தாலென்ன என்றேன்.
சிரித்தான்.
"அவையள் டெக்சாசுக்குப் போயிடுவினம், அக்கா.
காசென்ன மீனே, ஒரு ஏரிக்குள்ள நிற்க?"
பதில் வரவில்லை எனக்கு.
இரண்டு நாள் கழித்துப்
பஸ்சில் நிற்கும்போது ஒன்று வந்தது:
போகட்டுமே, தூண்டில்தானே போகும், ஏரி போகாதே.
அதுவும் முழுப் பதிலாகப் படவில்லை.
போனமுறை ஒரு கிளையை மூடியபோது
போனது ஏரிதான்.

பக்கத்து மேசை மார்லீனுக்கு இதெல்லாம் வேடிக்கை.
என் கைப்பையைக் காட்டிக் கேட்டாள்:
வெள்ளிக்கிழமைச் சீட்டு விழுந்தால்,
அறுபது மில்லியன்,
அதற்கும் வரம்பு கேட்பாயா?
நான் கோப்பியைக் குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது. முழுவதும் குடித்தேன்.

ஒக்டோபரில் பெடியள்
மணிக்கு அறுபது சதம் கூட்டிக் கேட்டார்கள்.
"பாதீட்டில் இடமில்லை."
அந்தக் கடிதத்தைத் தட்டச்சிட்டவள் நான்.
இடம் என்ற சொல்லில் அன்று
ஒரு எழுத்துப் பிழை விட்டுத் திருத்தியதும் நினைவிருக்கிறது.
நிரலை அகட்டலாமே என்று
எனக்குத் தோன்றவில்லை அப்போது.

மூன்று மணிக்கு வங்கிக்கு அனுப்ப வேண்டும்.
அழுத்துகிறேன்.
திரையில் ஒரு மஞ்சள் பெட்டி:
கடைசி வரியில் உள்ள தொகை
வழமைக்கு மாறாகப் பெரியது.
நிச்சயமாகத் தொடரவா?

இந்தக் கேள்வியை அவரைப் பற்றி
யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார், கடைசியில்,
மென்பொருள் எழுதிய முகம் தெரியாத ஒருவர்.
அதுவும் என்னிடம் கேட்கிறது.

ஆம் என்பதை அழுத்தினேன்.
இல்லை என்றால்
இருநூற்று ஆறாவது வரியும் போகாது.
அது நான்.